முள் இறங்கினால் ஒரு விமானம்

தூத்துக்குடியில் ரோச் பூங்காவுக்கு எதிரே, மாலை வேளைகளில் கடற்காற்று வாங்க வருகிறவர்கள் நிறுத்திவிட்டுப் போகும் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில், எழுபத்தைந்து பிராயத்தைத் தாண்டிய ஒருவர் குனிந்து நின்று, அவற்றில் ஒன்றன் பெட்ரோல் டாங்கை, சந்தையில் தேங்காயைச் சுண்டிப் பார்ப்பவரைப்போல் விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்ததை முதன்முதலாக நான் கண்டபோது, பாவம், பெரியவருக்குச் சித்தம் சற்றுக் கலங்கியிருக்கிறது என்றே எண்ணினேன். வண்டிக்குச் சொந்தக்காரனான பையனும் அப்படித்தான் எண்ணியிருக்க வேண்டும். விரைந்து வந்து முறைத்தான். "ஒண்ணுமில்லப்பா, கோவிச்சுக்கிடாத. இது நான் வேலை பாத்த கப்பலு" என்றார் பெரியவர். பையனுடைய சந்தேகம் நிச்சயமாகிவிட்டது.

ஆனால் அவர் சொன்னது மெய். 2016ஆம் ஆண்டில் பஜாஜ் கம்பெனியார் 'வி' என்ற பெயரில் ஒரு மோட்டார் சைக்கிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, ஐ.என்.எஸ். விக்ராந்த் என்னும் போர்க்கப்பலை உடைத்து எடுத்த எஃகை வாங்கி உருக்கி அந்த வண்டியில் சேர்த்திருப்பதாகத் தேசமெங்கும் விளம்பரம் செய்தார்கள். விளம்பரத்தைப் பார்த்து வண்டி வாங்கியவர்கள் பலர்; வாங்கிய பின் அதை மறந்துவிட்டவர்கள் அதைவிடப் பலர். அந்தக் கப்பலின் அடிவயிற்றில், கொதிகலன் அறையில், வாலிபத்தின் நல்ல வருஷங்களைக் கழித்துவிட்டு வந்த இந்த மனிதருக்குமட்டும் ஊரில் அந்த வண்டி எங்கே நின்றாலும் கண்ணில் பட்டுவிடுகிறது. அன்று தொடங்கிய பழக்கத்தால் அவரை 'அண்ணாச்சி' என்று அழைக்கும் உரிமை எனக்குக் கிடைத்தது. அந்த உரிமைக்கு மேல் அவருடைய பெயரை இங்கே எழுத அவர் சம்மதிக்கவில்லை.

கப்பலின் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவில், 1943இல், இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில், 'ஹெர்குலிஸ்' என்ற பெயருடன் ஒரு விமானந்தாங்கிக் கப்பலுக்கு அடிக்கட்டை இட்டார்கள். அது தண்ணீரில் இறங்கிய 1945 செப்டம்பரில் யுத்தம் முடிந்துபோயிற்று. கல்யாணத்துக்கு என்று தைத்த சட்டை, கல்யாணம் நின்றுபோனதால் பெட்டியிலேயே கிடந்ததுபோல, அரைகுறையாக நின்ற அந்த உடல் பத்து வருஷத்துக்கும் மேலாகத் துறையில் சும்மா கிடந்தது. 1957இல் இந்திய அரசாங்கம் அதை விலைக்கு வாங்கி, பெல்பாஸ்ட் நகரத்தில் புதிய முறையில் முடித்து, 1961 மார்ச் 4ஆம் தேதி, அப்போது லண்டனில் நம் ஹைகமிஷனராக இருந்த விஜயலட்சுமி பண்டிட் அம்மையாரைக்கொண்டு 'விக்ராந்த்' என்று கடற்படையில் சேர்த்தது. அவ்வாண்டு நவம்பர் 3ஆம் தேதி அது பம்பாய்க்கு வந்தபோது நேருவே துறைமுகத்துக்குச் சென்று வரவேற்றார். நீளம் எழுநூறு அடி. எங்கள் ஊர்த் தோணிகள் ஏழெட்டை முனையோடு முனை கோத்து நிறுத்தினால்தான் அதற்கு ஈடாகும். அதில் குடியிருந்தவர்கள் ஆயிரத்துக்குமேல்.

அந்த 1961ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கு வேறொரு வகையில் ஞாபகம் உள்ள ஆண்டு. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் அரசாங்கம் நடத்திய சலாபம், அதாவது கரையில் பந்தல்கள் முளைத்து, வியாபாரிகள் குவிந்து, சிப்பி மலைமலையாக ஏலம் போன அந்தப் பெருந்திருவிழா, கடைசியாக நடந்தது அந்த ஆண்டில்தான். பிறகு சிப்பி விளையவில்லை. விளைந்தவையும் சலாபத்துக்குப் போதுமானவையாக இல்லை. சங்க காலத்துப் புலவர்கள் முதல் யவன யாத்திரிகர்கள்வரை பேசிய ஒரு தொழில், யாரும் முடித்துவைக்காமலே முடிந்துபோயிற்று. கொடி இறக்கவும் இல்லை, பிரியாவிடை சொல்லவும் இல்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கலைந்தவர்கள் அப்படியே கலைந்துபோனார்கள். முத்துக்குளித்தவர்கள் சங்கு குளிக்கப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் கப்பல் உத்தியோகத்துக்கும் போனார்கள். அண்ணாச்சியின் தகப்பனார் அந்தக் கடைசிச் சலாபத்தில் குளித்தவர். மகன் 1965இல், பதினேழு வயதில், கடற்படையில் சேர்ந்தார்.

"நீங்க கப்பல்ல இருந்து கடலைப் பாத்துக்கிட்டே இருந்திருப்பிய" என்று நான் ஒருநாள் சொன்னபோது அண்ணாச்சி சிரித்தார். கடலைப் பார்ப்பதற்கா கொதிகலன் அறை? அவர் ஸ்டோக்கர். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, எஃகுச் சுவர்களுக்கு நடுவே, எண்ணெய்த் தீ உறுமும் கொதிகலன்களின் முன்னால், நாலு மணி நேரம் ஒரு வாட்ச். உஷ்ணம் ஐம்பது டிகிரிக்கு ஏறும். வியர்வையில் போகும் உப்பை ஈடுசெய்ய உப்பு மாத்திரை தருவார்கள். தூத்துக்குடிக்காரனுக்கு உப்பை மாத்திரையாகக் கொடுக்கிறார்களே என்று முதல் நாளில் அவருக்குச் சிரிப்பு வந்ததாம். மேலே விமானங்கள் பறக்கும் கப்பலில் அத்தனை வருஷம் இருந்தும், விமானம் கிளம்புவதை அவர் கண்ணால் பார்த்தது விரல்விட்டு எண்ணத்தக்க தடவைகள்தாம்.

ஆயினும் ஒவ்வொரு விமானம் கிளம்புவதும் அவருக்குத் தெரியும். அது எப்படி என்பதை அவர் விளக்கியபோதுதான், இயந்திர விஷயங்களில் மந்த புத்தியுள்ள எனக்கு, அந்தக் கப்பல் ஓர் உயிர்ப்பிராணியைப்போல ஒரே நாடியில் இயங்கியது என்பது விளங்கிற்று. கொதிகலனில் பிறக்கும் நீராவிதான் கப்பலை ஓட்டும் டர்பைன்களைச் சுழற்றுகிறது; அந்த நீராவியையே கொஞ்சம் பிரித்து, மேல்தளத்தில் கெட்டபுல்ட் என்னும் உந்துபொறிக்கும் அனுப்புகிறார்கள். கவணில் வைத்த கல்லைப்போல விமானத்தை அது சில விநாடிகளில் இழுத்து வீசுகிறது. குறுகிய தளத்தில் ஓடி வேகமெடுக்க இடமில்லாத விமானத்துக்கு அதுவே ஓடுபாதை. ஒரு விமானத்தை வீசியதும் அந்த அளவு நீராவி செலவாகிவிடுவதால், கீழே அழுத்தமானியின் முள் சட்டென்று கொஞ்சம் இறங்கும். ஸ்டோக்கர்கள் தீயைக் கூட்டி அதை மறுபடி ஏற்ற வேண்டும். "முள்ளு இறங்கினா ஒரு ப்ளேன் போயிட்டுன்னு அர்த்தம். கொஞ்ச நேரங் கழிச்சு தலைக்கு மேல தொம்முனு ஒரு சத்தம் கேக்கும். அது வந்துட்டுன்னு அர்த்தம். எத்தனை போச்சு, எத்தனை வந்துச்சுன்னு நாங்க கீழ கணக்கு வச்சிருப்போம், தம்பி. எங்ககிட்ட யாரும் கேக்கலை, நாங்களா வச்சிருந்தோம்."

அந்தக் கணக்கு மிகக் கடுமையாக இருந்தது 1971 டிசம்பரில். யுத்தம் வருமுன்பே விக்ராந்த் நோயாளியாக இருந்தது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். நான்கு கொதிகலன்களில் ஒன்றன் நீர்க்கலத்தில் வெடிப்புக் கண்டு, அதை அணைத்துவைக்க நேர்ந்தது. எஞ்சிய மூன்றிலும் அழுத்தத்தைக் குறைத்தே ஓட்டவேண்டியிருந்ததால், கப்பலின் வேகம் அதன் முழு வேகத்தில் பாதிக்குச் சற்று மேலாகச் சுருங்கிப்போயிற்று. விமானத்தை வீசுவதற்கோ, எதிர்க்காற்றும் கப்பலின் வேகமும் சேர்ந்து கைகொடுக்க வேண்டும். 1965 யுத்தத்தின்போது பழுதுபார்க்கும் துறையில் கிடந்துவிட்ட குறையும் அந்தக் கப்பலுக்கு இருந்தது. மூழ்கிப்போனதாகவே பாகிஸ்தான் அன்று செய்தி பரப்பியது. இரண்டாம் முறையும் கரையில் கிடக்க விடுவதா என்று, கடற்படைத் தளபதி அட்மிரல் நந்தா துணிந்து அதைக் கிழக்குக் கடலுக்கு அனுப்பினார்.

பிறகு நடந்தது சாணக்கியனுக்கு ஒப்பான தந்திரம். விக்ராந்த்தைத் தேடிக்கொண்டு 'காஸி' என்ற பாகிஸ்தானிய நீர்மூழ்கி வங்கக் கடலுக்குள் வந்தது. உண்மையான விக்ராந்த் அந்தமான் பக்கத்தில் மறைந்திருக்க, பழைய நாசகாரிக் கப்பலான 'ராஜ்புத்' விசாகப்பட்டினத்துக்கு அருகில் விக்ராந்த் வேஷம் கட்டிக்கொண்டு, அதற்குரிய தந்திச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தது. டிசம்பர் 3ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிக் காஸி விசாகப்பட்டினத்தின் வாசலில் மூழ்கிப்போயிற்று. மறுநாள் முதல் விக்ராந்த்தின் ஸீ ஹாக், ஆலிஸே விமானங்கள் காக்ஸ் பஜார், சிட்டகாங் துறைமுகங்களைத் தாக்கத் தொடங்கின. கப்பல் தலைவர் ஸ்வராஜ் பிரகாஷ் உள்பட இருவருக்கு மகாவீர் சக்கரமும், பன்னிருவருக்கு வீர் சக்கரமும் அந்த யுத்தத்தில் கிடைத்தன.

இவ்வளவும் அண்ணாச்சிக்குப் பின்னால் பத்திரிகை படித்துத் தெரிந்ததுதான். அந்த நாட்களில் அவருக்குத் தெரிந்தது முள் ஒன்றே. வெடித்த கொதிகலன் பக்கத்தில் அணைந்து கிடக்க, மற்றவை எப்போது என்ன செய்யுமோ என்ற பயம் அடிநெஞ்சில் இருக்க, முள் இறங்குவதும் இவர்கள் ஏற்றுவதுமாக இரவு பகல் தெரியாமல் கழிந்தது. பயமாக இல்லையா என்று கேட்டேன். நேராகப் பதில் சொல்லாமல் தகப்பனாரைப் பற்றிப் பேசினார். முத்துக் குளிப்பவன் கல்லைக் காலில் கோத்துக்கொண்டு கீழே போய்விட்டால், ஒன்றரை நிமிஷம் மேலுலகம் அவனுக்கு இல்லை. இடுப்புக் கயிறும், அதை மேலே பிடித்திருக்கும் ஆளுந்தான். அதனாலேயே கயிற்றை மச்சான் கையில் கொடுப்பது வழக்கம் என்பார்கள். அக்காள் தங்கை தாலியறுக்க எவனும் கயிற்றை விடமாட்டான். "எங்க ஐயாவுக்குக் கயிறு, எனக்கு முள்ளு. அம்புட்டுத்தான்" என்று முடித்துக்கொண்டார்.

அவர் 1980இல் கடற்படையிலிருந்து விடுபட்டு, ஊரில் அப்போது புதிதாக எழுந்துகொண்டிருந்த அனல்மின் நிலையத்தில், மறுபடியும் ஒரு கொதிகலன் முன்னாலேயே வேலைக்கு அமர்ந்தார். கப்பல் அவருக்குப் பிறகும் பதினேழு வருஷம் கடற்படையில் இருந்தது. ஸீ ஹாக் போய் ஸீ ஹாரியர் வந்தது. அதற்காகத் தளத்தின் முனையை மேல்நோக்கி வளைத்துக் கட்டினார்கள். 1994இல் கடைசியாகக் கடலோடியது. 1997 ஜனவரி 31ஆம் தேதி ஓய்வு பெற்றது.

போர்க்கப்பல் ஓய்வு பெறுவதற்கு என்று ஒரு சம்பிரதாயம் உண்டு. ஒரு கப்பல் கடற்படையில் சேர்ந்த நாளில் பாய்மரத்து உச்சியில் ஏற்றும் மெல்லிய நீண்ட கொடியொன்று, அது சேவையில் இருக்கும் காலம் முழுவதும் இரவும் பகலும் அங்கே இருக்க வேண்டும். ஓய்வு நாளன்று சூரியன் அஸ்தமிக்கும் வேளையில், பழைய தலைவர்களும் மாலுமிகளும் அணிவகுத்து நிற்க, ஊதுகொம்பு ஒலிக்க, தேசக்கொடியும் படைக்கொடியும் இறங்கியபின், அந்த மெல்லிய கொடி கடைசியாக இறங்கும். அத்துடன் அது போர்க்கப்பல் அல்ல, வெறும் இரும்பு. மாலுமிகள் இந்த வைபவத்தைப் 'பேயிங் ஆஃப்' என்கிறார்கள். ஏதோ உயர்ந்த தத்துவம் அதில் இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். விசாரித்தால், பழங்காலத்து ஆங்கிலக் கப்பல்களில் பிரயாணம் முடிந்ததும் மாலுமிகளுக்குச் சம்பளப் பாக்கியைத் தீர்த்து அனுப்பிய நாள் அது என்று தெரிந்தது. கண்ணீரோடு நிற்கும் வைபவத்துக்குக் கணக்குப்பிள்ளை வைத்த பெயர்! அண்ணாச்சிக்கு அழைப்பு ஒன்றும் வரவில்லை. ஆயிரக்கணக்கில் வந்து போனவர்களில் யாரையென்று அழைப்பார்கள்? மறுநாள் பத்திரிகையில் படத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்.

கொடி இறங்கியபின் அந்தக் கப்பல் பட்ட பாடுதான் நீளமானது. 2001 முதல் மும்பையில் பொருட்காட்சிக் கப்பலாக நிறுத்தி, பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். ஆனால் உப்புத் தண்ணீரில் மிதக்கும் எஃகுக்கு ஓய்வு என்பதே கிடையாது. ஓடினாலும் நின்றாலும் துரு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்; சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கப்பலைத் துறையில் ஏற்றி, அடிப்பாகத்தைச் சுரண்டி, தேய்ந்த தகட்டை மாற்றி, வர்ணம் பூசவேண்டும். சம்பாதிக்காத கப்பலுக்கு அந்தச் செலவை ஆண்டுதோறும் யார் கொடுப்பது? 2012இல் பாதுகாப்பில்லை என்று பார்வையாளரை நிறுத்தினார்கள். 2014இல், வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்று தோற்றபின், சுமார் அறுபது கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தவர்கள் மும்பையிலேயே வைத்து அதை அறுத்தார்கள்.

அடுத்த விமானந்தாங்கியான விராட்டின் கதையும் அதே. 2017இல் ஓய்வு பெற்று, 2020இல் குஜராத்தின் அலாங் கடற்கரைக்குப் போயிற்று. அங்கே கடல் பல ஆள் உயரத்துக்கு ஏறி இறங்குவதால், ஏற்றத்தில் கப்பலைக் கரைமேல் செலுத்திவிட்டு, வற்றத்தில் நடந்துபோய் வெட்டுகிறார்கள். (ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவான எங்கள் கடலில் இந்தத் தொழில் நடவாது, அதற்காக வருந்துவதற்கில்லை.) விசாகப்பட்டினத்தில் 'குர்சுரா' என்ற நீர்மூழ்கிமட்டும் 2002 முதல் இன்றுவரை நல்ல நிலையில் இருக்கிறது. காரணம் எளிது: அதைத் தண்ணீரில் விடாமல் கடற்கரை மணலுக்கு மேலே இழுத்து, மேடை கட்டி உட்காரவைத்துவிட்டார்கள். இதைக் கண்டு நம் மாமல்லபுரத்திலும் 'வாக்லி' என்ற நீர்மூழ்கியை வைக்க ஆசைப்பட்டு, 2012இல் அதைச் சென்னைத் துறைமுகம் வரையில் கொண்டுவந்தார்கள்; கரையேறும் யோகம் அதற்கு இல்லை. கல்லில் தேர் செய்து ஆயிரத்து முந்நூறு வருஷம் காத்துவரும் ஊருக்கு அருகில் ஓர் இரும்புக் கப்பலை நிறுத்த நம்மால் முடியவில்லையே என்று எனக்கு மிகுந்த ஆதங்கம்.

அண்ணாச்சிக்கு அந்த ஆதங்கம் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் தீராத வழக்கு. "தோணியைப் பாருங்க" என்பார். எங்கள் ஊரில் வரைபடம் ஒன்றுமில்லாமல் மேஸ்திரியின் கண்மதிப்பிலேயே கட்டி, பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடித்து, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றி அனுப்பிய தோணிகள், வயதானதும் கரையிலேயே பிரிக்கப்படும். நல்ல பலகை அடுத்த தோணிக்குப் போகும். மிஞ்சியது கதவாகவும் பெஞ்சாகவும் போகும். அதிலும் மிஞ்சியது அடுப்புக்கு. பழைய துறைமுகத்துப் பக்கம் நாங்கள் தேநீர் குடிக்கும் கடையின் பெஞ்சிலேயே ஆணி இருந்த துளைகள் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு வரிசையாக இருக்கின்றன. அதைத் தடவிக்கொண்டே அவர் சொல்லுவார்: "ஓடணும், இல்லாட்டி பிரிக்கணும். நிறுத்தி வச்சுச் சாகடிக்கப்பிடாது."

அப்படியானால் வ.உ.சி.யின் கப்பல்? என்று நான் மடக்குவேன். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்து, ஊர் ஊராய்ப் பங்கு சேர்த்து, 1907இல் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்களை இந்தத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். அவர் சிறையில் செக்கிழுத்துக்கொண்டிருந்தபோது கம்பெனி கலைந்தது. கப்பல் போட்டிக்கார வெள்ளைக் கம்பெனியிடமே விலைபோயிற்று என்பது இந்த ஊரின் ஆறாத புண். அந்தக் கப்பல்களின் ஒரு தகடாவது இங்கே இருந்திருந்தால் நாம் தொட்டுப் பார்த்திருக்கமாட்டோமா? அண்ணாச்சி இதற்குச் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது வேற, தம்பி. அது உசுரோட வித்தது" என்றார். நான் தோற்றேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேற்கொண்டு வாதாடவும் இல்லை. டாங்கைத் தட்டிப் பார்க்கிறவர் நீர்தானே, பிரித்துவிட்டால் முடிந்ததென்றால் ஏன் தட்டுகிறீர் என்று கேட்டிருக்கலாம். கேட்க மனம் வரவில்லை.

கடற்படையில் கப்பல்தான் ஓய்வு பெறுகிறது. பெயர் ஓய்வு பெறுவதில்லை. 2022 செப்டம்பர் 2ஆம் தேதி, கொச்சியில் நம்மவரே கட்டி முடித்த புதிய விமானந்தாங்கிக்குப் பழைய விக்ராந்த்தின் பெயரையும், ஆர் 11 என்ற அதன் எண்ணையும் அப்படியே சூட்டினார்கள். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமுள்ள நமக்கு இது புதிதல்ல. அண்ணாச்சி அன்று தொலைக்காட்சி முன்னால் காலையிலிருந்தே உட்கார்ந்திருந்ததாக அவர் வீட்டார் சொன்னார்கள்.

சென்ற டிசம்பரில், கடற்படை தினத்தை ஒட்டி, அவருடைய பேரனின் சிநேகிதன் ஒருவன், கடற்படையில் சேர்ந்து சில வருஷங்களே ஆனவன், விடுமுறையில் வந்திருந்தான். தேநீர்க் கடைப் பெஞ்சில் அவனை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு அண்ணாச்சி புதிய விக்ராந்த்தைப் பற்றித் துருவித் துருவி விசாரித்தார். அதில் கொதிகலன் இல்லை, வாயு டர்பைன்தான், விமான என்ஜின் மாதிரி என்றான். கெட்டபுல்ட்டும் இல்லை, முனை மேல்நோக்கி வளைந்திருக்கும், விமானம் தன் வேகத்திலேயே ஏறிப் பறந்துவிடும் என்றான். அண்ணாச்சி தேநீரை ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"அப்போ முள்ளு இறங்காதே. மேல ப்ளேன் கிளம்புறது கீழ இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

"ஸ்கிரீன்ல வரும் தாத்தா."

"அது வரும்ல. தெரியுமான்னு கேட்டேன்."